கண்ணால் கண்ட தோட்டம், கண்ணுக்குத் தெரியாத பூட்டு

கெடா மாநிலத்தின் கூலிம் வட்டாரத்தில் ஒரு நாள் சுற்றி வந்தால் போதும், இரண்டு காலங்களைப் பார்த்துவிடலாம். ஒரு புறம் ரப்பர் மரங்களும், அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செம்பனைகளும். சற்றுத் தள்ளிப் போனால், 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. உலகப் பெயர் பெற்ற இண்டெல் நிறுவனத்தின் ஆலை அங்கே இருக்கிறது. ஜெர்மானிய நிறுவனமான இன்ஃபினியோன் 2006-இல் அங்கே தன் ஆலையைத் திறந்தது. பாட்டன் பால் மங்கைப் பார்த்து நடந்த மண்ணில், பேரப்பிள்ளை நுண்ணோக்கி வழியாகக் கணினிச் சில்லுகளைச் சோதிக்கிறார்.

தொழில் மாறிவிட்டது. ஆனால் உழைத்துச் சேர்த்த பணத்தை ஒருவர் வந்து கேட்கும்போது எழ வேண்டிய கேள்வி மட்டும் மாறவில்லை. அவர் சொல்லும் பொருள் மெய்யானதாகவே இருக்கட்டும். அதனால் அவர் நடத்தும் நிறுவனமும் மெய்யாகிவிடுமா?

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதற்கான பாடத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிய பாலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் ஊற்றும்போது, கிராணி நிறுவை பார்த்துக் கணக்கு எழுதுவார். பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்பதைக் கருவி வைத்துப் பார்ப்பார். அந்த இடத்தை விட்டு நகராமல் நின்று, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது தொழிலாளியின் பழக்கம். கிராணி நல்லவரா கெட்டவரா என்பது அங்கே பேச்சில்லை. கூலி அந்த முள்ளில்தான் இருக்கிறது.

அந்தப் பழக்கம் பணம் போடும் இடத்தில் எப்போது இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்பதே இந்த வரலாறு.

பூட்டு வந்தது, நிறுவனம் போனது

முதலில் உலகம் அறிந்த ஒரு கணினிக் கதையைப் பார்ப்போம். கூலிமில் ஆலை வைத்திருக்கும் இன்ஃபினியோன், உலகில் கணினிப் பாதுகாப்புச் சில்லுகள் செய்யும் முக்கிய நிறுவனங்களில் ஒன்று. கூலிம் ஆலையின் வேலை வேறு. அது மின்சக்தியைக் கையாளும் சில்லுகளைச் செய்வது. ஆனாலும் அந்தப் பாதுகாப்புச் சில்லின் வரலாற்றில் சாதாரண முதலீட்டாளர்களுக்கு ஒரு பெரிய படிப்பினை இருக்கிறது.

கணினியின் உள்பலகையில் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய சில்லு அது. ரகசியச் சாவிகளைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். கணினி விழித்தெழும்போது, அதன் தொடக்க நிரல்களின் அளவீடுகளைப் பதிவு செய்துகொள்ளும். யாராவது நிரலை மாற்றியிருந்தால் அந்த அளவீடு காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்குப் போட்ட பூட்டு, திருடன் தொட்டால் சொல்லிக்கொடுப்பதைப் போன்றது.

இப்படிப்பட்ட பூட்டு ஒவ்வொரு கணினியிலும் வந்தே தீரும் என்று நம்பிய நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் வேவ் சிஸ்டம்ஸ். 1988-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லீ என்ற சிற்றூரில் அதன் தலைமையகம் இருந்தது. முதலில் அது பேசியது வேறு ஒரு தொழில்நுட்பத்தை. பின்னர் கணினிக்குள் பாதுகாப்பான ஒரு சிறு பெட்டகத்தை வைக்கும் திட்டத்துக்கு வந்தது.

1999-இல் ஐ.பி.எம்., இண்டெல், மைக்ரோசாஃப்ட், எச்.பி., காம்பாக் ஆகிய பெரிய நிறுவனங்கள் நம்பகக் கணினிக்கான கூட்டணி ஒன்றை அமைத்தன. 2003-இல் அது விரிவான புதிய அமைப்பாக உருவெடுத்தது. வேவ் நிறுவனத்தின் பங்குகளை வாங்கியிருந்தவர்களுக்கு இது பெரிய உற்சாகத்தைக் கொடுத்தது. பெரிய யானைகளே இந்தப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டன, இனி என்ன சந்தேகம் என்று கேட்டார்கள்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. தொழில்நுட்பம் நல்லது, ஆனால் விற்பனை எங்கே என்று அது கேட்டது. ஆண்டுக்கு ஆண்டு நஷ்டம் வருகிறது, பணம் தீர்ந்தவுடன் நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டு விற்கிறது, பழைய பங்குதாரரின் பங்கு அளவில் சுருங்குகிறது என்று சுட்டிக்காட்டியது. ஒரு தோட்டத்தை நூறு பேர் சொந்தமாக வைத்திருக்கும்போது, கேட்காமல் மேலும் நூறு பேரைச் சேர்த்தால் பழைய நூறு பேரின் பங்கு பாதியாகிவிடும் அல்லவா? அதே கணக்குத்தான்.

இந்த வாக்குவாதம் ஓர் ஆண்டு ஈராண்டு அல்ல, பல ஆண்டுகள் நடந்தது. நம்பியவர்கள் சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்பவர்கள் என்றார்கள். சந்தேகப்பட்டவர்கள் நம்பியவர்களை ஏமாளிகள் என்றார்கள்.

முடிவு என்ன? பாதுகாப்புச் சில்லு வந்தது. அலுவலகக் கணினிகளில் பரவலாகப் பொருத்தப்பட்டது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, அந்தச் சில்லு கட்டாயம் தேவை என்றே அறிவித்தது. நம்பியவர்கள் சொன்னது நடந்தது. ஆனால் வேவ் சிஸ்டம்ஸ் 2016 பிப்ரவரியிலேயே திவால் மனு கொடுத்துவிட்டது. சந்தேகப்பட்டவர்கள் சொன்னதும் நடந்தது.

இது எப்படி? சில்லைச் செய்தவை வேறு நிறுவனங்கள். நாளடைவில் அது மலிவான பொருளாகிவிட்டது. அதைக் கொண்டு வட்டைப் பூட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் சில பதிப்புகளிலேயே சேர்த்துக் கொடுத்தது. இலவசமாகக் கூடவே வரும் ஒன்றுக்குத் தனியாகப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்குவோர் எத்தனை பேர்? பூட்டு மெய்தான். அந்தப் பூட்டால் யாருக்கு லாபம் என்ற கேள்விக்குத்தான் பதில் வேறாக இருந்தது.

ரப்பரும் ஒரு காலத்தில் நிரூபிக்கப்படாத பொருள்

எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று இதை ஒதுக்க முடியாது. கெடாவின் மண்ணே இப்படி ஒரு வாக்குவாதத்தில் பிறந்த தொழிலைச் சுமந்த மண்தான்.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற எச்.என். ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பார்க்கும் தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று வற்புறுத்தினார். காப்பியில் கண் வைத்திருந்தவர்கள் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தார்கள். மலாக்காவில் தான் சே யான் 1896-இல் வணிக நோக்கில் ரப்பர் நட்டுக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் துணிந்தார்கள்.

மோட்டார் வண்டி வந்தது, ரப்பர் தங்கமானது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அந்தச் சூட்டில் புதுப்புதுத் தோட்டக் கம்பெனிகள் லண்டனில் பங்கு விற்றன. மரம் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கன்று நடாத நிலத்தைக் காட்டியும் பணம் திரட்டியவர்கள் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் விலை பாதி அளவுக்குச் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

ரப்பர் பொய்யா? இல்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மலாயாவைத் தூக்கி நிறுத்தியது அதுதான். பொருள் மெய்யாக இருந்தும், அதன் பேரில் பங்கு வாங்கிய பலர் நஷ்டப்பட்டார்கள்.

கெடா 1909-இல்தான் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது. அதன்பின் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் தோட்டங்கள் பரந்தன. பங்குதாரர் லண்டனில், மரம் கெடாவில், கத்தி பிடித்த கை தமிழகத்திலிருந்து வந்த கை. 1930-களின் தொடக்கத்தில் விலை சில பென்ஸ்களுக்கு விழுந்தபோது பங்குதாரர் இழந்தது பணத்தை. தொழிலாளி இழந்தது வேலையை. ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். முதலீட்டு வாக்குவாதத்தில் இடமே இல்லாதவர்தான் அதன் விலையைக் கொடுத்தார்.

பத்து வெள்ளியின் துணிச்சல்

முதலீட்டாளர் என்ற பெயரோடு தோட்டப் பாட்டாளி வரலாற்றில் நுழைந்தது 1960-இல்.

நாடு 1957-இல் சுதந்திரம் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரத் தோட்ட உரிமையாளர்கள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல் அன்று ஒவ்வொரு லயத்திலும் அச்சத்தோடு பேசப்பட்ட சொல். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலையோடு லயத்து வீடு போகும், தண்ணீர் போகும், பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியும் ஆட்டம் காணும். இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1960-களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தார். அந்த அளவுக்கு அது தேசியப் பிரச்சினையாக இருந்தது.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் ஒரு யோசனையைச் சொன்னார். விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்கினால் என்ன? அதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்க்கும் ஏற்பாடு. பத்து வெள்ளி என்பது அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பல நாள் கூலி.

இன்று திரும்பிப் பார்க்கும்போது இது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் 1960-இல் இது நிரூபிக்கப்படாத யோசனை. கூலிக்கு வேலை செய்தவர்கள் தோட்டத்தை நிர்வகிக்க முடியுமா? செயற்கை ரப்பர் வந்து இயற்கை ரப்பரின் விலையை அழுத்திக்கொண்டிருக்கும்போது, வெள்ளைக்காரனே விட்டுவிட்டுப் போகும் தோட்டத்தை வாங்குவது புத்திசாலித்தனமா? தொழிலாளியின் பணத்தைத் திரட்டுவதைவிட, அரசாங்கம் சட்டம் போட்டுத் துண்டாடலைத் தடுப்பதுதானே சரி? தொழிற்சங்கத் தரப்பில் அரசாங்கத் தலையீட்டைக் கோரும் குரல் வலுவாக ஒலித்தது. இவை எதிரிகளின் கேள்விகள் அல்ல. பத்து வெள்ளியின் அருமை தெரிந்தவர்களின் கேள்விகள்.

அந்தக் கேள்விகளுக்குப் பேச்சு பதிலாகவில்லை. ஒரு தோட்டம்தான் பதிலானது. 1961-இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம்.

இதன் பொருள் என்ன? பணம் கொடுத்தவர், வேண்டுமானால் பேருந்து ஏறிப் போய்த் தன் தோட்டத்தைப் பார்க்கலாம். மரத்தைத் தொடலாம். எத்தனை மரம் வெட்டில் இருக்கிறது, எத்தனை மறுநடவுக்குக் காத்திருக்கிறது என்று அனுபவமுள்ள பால்வெட்டுக்காரருக்கு ஒரு நடை நடந்தாலே தெரிந்துவிடும். பால் தினமும் நிறுக்கப்படுகிறது. சங்கத்தில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. கணக்கை மேற்பார்க்கக் கூட்டுறவுப் பதிவாளர் இருக்கிறார்.

எல்லாம் பொன்னாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. பங்குதாரரான தொழிலாளியும் விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டித்தான் இருந்தது. பங்கு வாங்கியதால் கூலி உயர்ந்துவிடவில்லை. ரப்பர் விலை சங்கத்தின் தோட்டத்துக்கென்று தனியாக உயரவும் இல்லை. ஆனால் சங்கம் நிலைத்தது. வேறு பல தோட்டங்களை வாங்கியது. காலத்துக்கேற்பச் செம்பனைக்கும் மாறியது. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அது இயங்கிவருகிறது. நிரூபிக்கப்படாத யோசனை ஒன்று, பார்க்கக்கூடிய பொருளாகவும் கேட்கக்கூடிய கணக்காகவும் மாற்றப்பட்டதால் பிழைத்தது.

நல்ல யோசனை, நழுவிய நிறுவனம்

அடுத்த அத்தியாயம் 1980-களில் எழுதப்பட்டது. புதிய பொருளாதாரக் கொள்கை 1971-இல் தொடங்கியிருந்தது. நாட்டின் நிறுவனப் பங்குகளில் இந்தியர்களின் கையில் இருந்தது ஏறக்குறைய ஒரு விழுக்காடு. தோட்டம் மட்டும் போதாது, வர்த்தகத்திலும் தொழிலிலும் சமுதாயம் கால்பதிக்க வேண்டும் என்ற வாதத்தை மறுக்க யாராலும் முடியவில்லை.

ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலுவின் முயற்சியில் 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் பதிவானது. 1984-இல் பங்குகள் விற்கப்பட்டன. நாடு முழுவதும் 66,000-க்கு மேற்பட்டவர்களிடமிருந்து சுமார் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி திரண்டது. தோட்டப்புறத்தில் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கியவர்கள் உண்டு. கெடா தோட்டங்களும் பட்டணங்களும் இதற்கு விலக்கல்ல. அவ்வளவு சிறிய சமுதாயம் அவ்வளவு குறுகிய காலத்தில் அத்தனை பணம் திரட்டியது இன்றைக்கும் வியப்பான செய்திதான்.

தொடக்கத்தில் நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சியான டிவி3 தொடங்கப்பட்டபோது, அதில் மைக்காவுக்கு 10 விழுக்காட்டுப் பங்கு இருந்தது. காப்புறுதி நிறுவனம் ஒன்றும் அதன் கையில் இருந்தது.

பிறகு வந்தது டெலிகாம் பங்கு விவகாரம். 1990-இல் டெலிகாம் மலேசியா பங்குச் சந்தைக்கு வந்தபோது, இந்தியச் சமுதாயத்துக்கென ஒரு கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. மைக்காவுக்கு வந்து சேர்ந்தது 10 லட்சம். மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. 1992-இல் விவகாரம் வெளியே வந்தது. முழுவதையும் வாங்கக் கடனுக்கு ஏற்பாடு செய்திருந்ததாக மைக்காவின் முன்னாள் நிர்வாகத் தரப்பு சொன்னது. மைக்காவிடம் அவ்வளவு பணம் இல்லை என்று கட்சித் தலைமை சொன்னது. ஊழல் தடுப்பு அதிகாரிகள் விசாரித்தார்கள். கட்சித் தலைவர் மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

இதில் யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் வாதிடுவோர் உண்டு. ஆனால் சாதாரணப் பங்குதாரரின் நிலையிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். இந்த முடிவு எடுக்கப்பட்டபோது அவருக்கு அது தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். பால் கொட்டகையில் நிறுவை முள்ளை விடாமல் பார்த்தவர், இங்கே கொட்டகைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்.

அதோடு, கேள்வி கேட்டவர் மீது ஒரு முத்திரையும் குத்தப்பட்டது. கணக்கைக் கேட்டால் தலைமையை எதிர்ப்பவர். லாப ஈவு எங்கே என்றால் சமுதாய ஒற்றுமையைக் குலைப்பவர். வேவ் நிறுவன விஷயத்தில் சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்பவர்கள் என்று ஒதுக்கிய அதே மனநிலை இங்கே சமுதாயப் பற்று என்ற சட்டையை மாட்டிக்கொண்டது. பங்குச் சந்தையில் அந்தப் பங்குகள் பட்டியலிடப்படவில்லை. ஆகவே நம்பிக்கை போனவர் விற்றுவிட்டு வெளியேறவும் எளிய வழியில்லை.

2010-இல் தான்ஸ்ரீ ஞானலிங்கம் தரப்பின் ஜி டீம் நிறுவனம் ஒரு பங்குக்கு 80 சென் கொடுத்து மைக்காவை வாங்க முன்வந்தது. 1984-இல் ஒரு வெள்ளி கொடுத்து வாங்கிய பங்கு. 26 ஆண்டுகள் கழித்து 80 சென். இடையில் விலைவாசி எத்தனை மடங்கு ஏறியது என்பதை மளிகைக் கடைக்குப் போகிற எவரும் சொல்வார். பங்கு வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அந்த 80 சென்னைப் பார்க்கவும் உயிரோடு இல்லை.

யோசனை தவறா? சமுதாயம் வர்த்தகத்தில் பங்கு பெற வேண்டும் என்பது அன்றும் சரி, இன்றும் சரி. யோசனை சரியாக இருந்ததே ஒரு வகையில் வினையானது. நல்ல நோக்கம் கணக்குப் புத்தகத்துக்கு மூடியாகிவிட்டது.

கணினித் திரைக்குப் பின்னால்

2000-க்குப் பிறகு பணம் கேட்பவர் தோட்டத்து வாசலுக்கு வர வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. கணினித் திரையில் வந்தார்.

2005 முதல் 2007 வரை மலேசியாவில் பரவிய ஸ்விஸ்கேஷ் திட்டம், 15 மாதத்தில் 300 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டியது. திரையில் கணக்கு இருக்கும், தொகை ஏறிக்கொண்டே இருக்கும். மலேசியப் பங்கு ஆணையம் 2007-இல் நீதிமன்றம் சென்றது. பின்னர் முதலீட்டாளர்களுக்கு ஒரு பகுதிப் பணம் மீட்டுத் தரப்பட்டது. முழுவதும் அல்ல.

2017-இல் கெடாவின் அண்டை மாநிலமான பினாங்கைத் தளமாகக் கொண்ட ஜே.ஜே.பி.டி.ஆர். திட்டம் ஆட்டம் கண்டது. அந்நிய நாணய வர்த்தகத்தின் பேரால் மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்ன திட்டம் அது. பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் இடம்பெற்றிருந்தது. பணம் நின்றபோது அதன் நிறுவனர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. கணினிக்குள் யாரோ ஊடுருவிவிட்டார்கள், கோடிக்கணக்கில் பணம் போய்விட்டது என்றார். அவரைப் போலீஸ் கைது செய்தது.

இங்கேதான் கணினிப் பாதுகாப்பு என்ற விஷயம் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அமெரிக்காவில் பூட்டைக் காட்டிப் பணம் திரட்டினார்கள். அது மெய்யான பூட்டு, பொறியாளர்கள் பிரித்துச் சோதிக்கக்கூடிய பூட்டு. இங்கே பூட்டு உடைந்துவிட்டது என்பதே பணம் போனதற்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது. பணம் போட்டவரால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. பூட்டு இருந்ததா, உடைந்ததா, அதற்குள் பணம் என்று ஒன்று இருந்ததா? எதையும் சரிபார்க்கும் கருவி அவர் கையில் இல்லை. கைப்பேசித் திரையில் தெரிந்த எண் ஒன்றுதான் அவரிடம் இருந்த சாட்சி.

லண்டனில் 1910-இல் கன்று நடாத நிலத்தைக் காட்டினார்கள். அங்கே குறைந்தபட்சம் நிலமாவது இருந்தது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இத்தனை கதையையும் சேர்த்துப் பார்த்தால், தொழில்நுட்பம் புரியவில்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை என்பது விளங்கும். வேவ் நிறுவனத்தின் சில்லைப் பற்றி விளக்கமாகத் தெரிந்தவர்களும் பணத்தை இழந்தார்கள். புக்கிட் சிடிம் தோட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். ஆகவே படிப்பு மட்டும் காப்பாற்றிவிடவில்லை. கேட்கும் உரிமைதான் காப்பாற்றியது.

முதல் கேள்வி, பொருள் எங்கே? தோட்டமானால் நிலம் எங்கே, தொழில்நுட்பமானால் அதைக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்துகிறவர் யார்? பெரிய நிறுவனங்களின் பெயரைச் சொல்வது பதிலாகாது. யானை நடக்கும் பாதையில் பூனைக்கும் உணவு கிடைக்கும் என்று விதியில்லை.

இரண்டாவது, நிறுவையை யார் பார்க்கிறார்? கணக்கைத் தணிக்கை செய்பவர் யார், அது உறுப்பினர் கைக்கு வருகிறதா, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டால் பதில் கிடைக்கிறதா? அனுமதி பெற்ற நிறுவனமா என்பதைப் பங்கு ஆணையத்திடமும் பேங்க் நெகாராவிடமும் சரிபார்க்க முடியும். இரண்டும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. அதற்குச் செலவு ஒரு தொலைபேசி அழைப்பு.

மூன்றாவது, வெளியேறும் வழி எது? நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்பட்டால், போட்டதை எப்படி, எத்தனை நாளில், என்ன விலைக்கு எடுப்பது? இதைப் பணம் போடும் நாளிலேயே கேட்க வேண்டும். பணம் போட்ட பிறகு கேட்டால் அது கெஞ்சலாகிவிடும்.

இந்த மூன்றையும் கேட்பவரைத் துரோகி என்று சொல்லும் இடத்தில் பணம் போடக் கூடாது. அது எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும் சரி, எவ்வளவு புதிய தொழில்நுட்பமாக இருந்தாலும் சரி, பணம் கேட்டு வருபவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி.

கூலிமில் இன்று சில்லு சோதிக்கும் பிள்ளைகள், ஒவ்வொரு சில்லையும் கருவியில் வைத்துப் பார்த்த பிறகுதான் நல்லது என்று அனுப்புகிறார்கள். தேறாததை ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்காக யாரும் அவர்களைக் கோபித்துக்கொள்வதில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை யாரிடமாவது கொடுக்கப் போகும்போதும் அதே கண்ணோடு பார்க்கட்டும். பால் கொட்டகையில் நிறுவை முள்ளை விட்டுக் கண் எடுக்காமல் நின்ற பாட்டன் பாட்டி விட்டுச்சென்ற சொத்து அந்தப் பார்வை.